வாரம் பெர்சி: புல்லுக்கடியில் கிடக்கும் ஊரை அடையாளம் காண

யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்ற இங்கிலாந்துக் குன்றுப் பகுதியில் இருக்கும் வாரம் பெர்சி (Wharram Percy) என்ற இந்த இடைக்காலப் பாழூருக்குப் போய், "வெறும் புல்தரைதானே" என்று திரும்புகிறவர்கள் அதிகம். கோடை நடுப்பகலில் போவதுதான் காரணம். உச்சிவெயிலில் மேடுபள்ளத்துக்கு நிழல் விழாது, புல்லும் வளர்ந்து நிற்கும். குளிர்காலத்தில் சாய்வெயில் நேரம் பார்த்துப் போங்கள்.

சர்ச் இருப்பது பள்ளத்தாக்கில், வீடுகள் இருந்தது மேற்கே மேட்டில். பள்ளமாக நீளும் தடம்தான் பழைய தெரு. அதையொட்டி வரப்புபோலச் சுற்றிவரும் மண்மேடு ஒரு குடும்பத்தின் மனைக்கட்டு. அதற்குள் நீள்சதுரமாகத் தாழ்ந்து தெரிவது வீடு. பின்னால் நீண்டு போவது கொல்லை. குழியெல்லாம் வீடு என்று எண்ணிவிடக் கூடாது, சில சுண்ணப்பாறை வெட்டியெடுத்த இடங்கள்.

மறுமொழி:
சர்ச்சின் வெளிச்சுவரையும் நிதானமாகப் பாருங்கள். ஜனம் பெருகியபோது சுவரை உடைத்து வளைவு வைத்துப் பக்கக்கூடம் கட்டினார்கள். ஜனம் குறைந்ததும் கூடத்தை இடித்துவிட்டு வளைவுகளைக் கல்லால் அடைத்தார்கள். அடைத்த தடம் இன்றும் தெளிவாக இருக்கிறது. ஊரின் ஏற்ற இறக்கத்தை இவ்வளவு நேராகக் காட்டும் சுவர் அபூர்வம். கோபுரத்தில் ஒரு பகுதி 1959இல் சரிந்தது.

மறுமொழி:
14ஆம் நூற்றாண்டுப் பிளேக்கில் அழிந்த ஊர் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. பிளேக்குக்குப் பிறகும் இங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. 1500ஐ ஒட்டித்தான் நிலவுடைமையாளர்கள் கடைசி வீட்டாரை வெளியேற்றி, உழுநிலத்தை ஆட்டு மேய்ச்சலாக்கினார்கள். உழவுக்குப் பல கைகள் வேண்டும், மந்தைக்கு ஒரு மேய்ப்பன் போதும். கம்பளியில் வருமானமும் இருந்தது. அந்த மனிதர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதெல்லாம் தெரியவந்தது வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் முன்னின்று நடத்திய அகழாய்வால், 1950 முதல் 1990 வரை. குறுகலான குழி வெட்டினால் உழவர் வீடு பிடிபடாது. அஸ்திவாரம் ஆழமில்லை, ஒரே மனையில் சுவரை நகர்த்தி நகர்த்தித் திரும்பக் கட்டியிருப்பார்கள். அதனால் மனை முழுவதையும் திறந்து, அடுக்கடுக்காக மண்ணை நீக்கினார்கள். அப்படித் தோண்டியபோது ஓர் உழவர் வீட்டுக்கடியில் 12ஆம் நூற்றாண்டுப் பண்ணையார் மாளிகையின் நிலவறையே வெளிப்பட்டது.

மறுமொழி:
கட்டணம் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுச் சுமார் 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதை சரிவானது, மழை பெய்தால் சேறு. கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் அவசியம். மாடுகள் மேயும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.