‘இந்த வயதில் அப்படித்தான் இருக்கும்’ என்றார்கள்

விருதுநகர் மாவட்டம், ஆசிரியை, வயது 47

மூன்று வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மாதவிடாய் ஒருநாள் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். நிற்பதற்கு முன்னால் பல வருடம் உடம்பை இப்படி இழுத்தடிக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

முதலில் தூக்கம் போயிற்று. இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வரும். மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் ஒரு சூடு ஏறும். கொதிக்கிற உலைப்பானையின் மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்குமே, அது உள்ளேயிருந்து அடிப்பது போல. நான்கு நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குள் நைட்டி நனைந்திருக்கும், பிறகு குளிரும். பாயைத் தள்ளிவிட்டு வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வேன்.

அடுத்தது உதிரப்போக்கு. 20 நாளில் ஒருமுறை வரும், பிறகு 50 நாள் வராது. வந்தால் பத்து நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். வெளிர் நிறச் சேலைகளையெல்லாம் பீரோவின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டேன். பையில் மாற்றுச் சேலையும் பாவாடையும் எப்போதும் இருக்கும். ஒருநாள் பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எழுந்திருக்க எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். முன் பெஞ்சு மாணவி ஒருத்தி மட்டும் போகவில்லை. தன் துப்பட்டாவை மடித்து என் மேசை மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். அன்று அழுதேன்.

அம்மாவிடம் சொன்னேன். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, யாரிடம் போய்ச் சொன்னேன்?” என்றார். சக ஆசிரியைகளும் இந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். முதலில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். கூடவே, “இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், இனி கர்ப்பப்பை எதற்கு, எடுத்துவிடலாம்” என்றார். நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. இதய நோயோ என்று பயந்து ஈசிஜி எடுத்தேன், சரியாக இருந்தது. கடைசியில் அரசு மருத்துவமனை ஒன்றில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நான் 7-ஐ வைத்துக்கொண்டு தினமும் ஆறு பாடவேளை நின்றுகொண்டு நடத்தியிருக்கிறேன்!

அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?” என்பது. அதிர்ஷ்டவசமாக என்னிடம் கணக்கு இருந்தது. தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போது ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவில் எண்ணிக்கையைக் குறித்து, தாள்களைக் கிளிப் போட்டு வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். என் உடம்பைப் பற்றி ஒருவர் நிதானமாகப் படித்தது அன்றுதான்.

தைராய்டு, ஸ்கேன், கர்ப்பப்பை உள்படலத்திலிருந்து கொஞ்சம் எடுத்து பயாப்ஸி. 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் மருந்து தரமாட்டேன் என்றார். இல்லை என்று வந்தது. இரும்புச்சத்து ஊசியை ஒன்றுவிட்டு ஒருநாள் என ஐந்து முறை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பிறகு காப்பர்-டி போலவே இருக்கும், ஹார்மோன் கசியவிடும் ஒரு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். முதல் நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது, எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஐந்தாவது மாதத்திலிருந்து இல்லை. கர்ப்பப்பை என்னிடமே இருக்கிறது. ஹீமோகுளோபின் இப்போது 12.4.

இரவுச் சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை. அது வேறு கதை. உங்களுக்கு எப்படி இருந்தது, எழுதுங்கள்.

மதுரை, செவிலியர், வயது 52

ஆசிரியை, அந்தக் காலண்டர் தாள்களைப் படித்தபோது எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் “நிறையப் போகிறது” என்று மட்டும் சொல்வார்கள். நிறைய என்றால் எவ்வளவு என்று தெரியாமல் நாங்கள் என்ன செய்வது? மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைகிறது, அப்படியே சில மணி நேரம் தொடர்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே வந்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதற்குக் காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்களே, அந்தப் பெண்ணிடமே இதையும் வாய் திறந்து சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை காபி, டீயோடு விழுங்காதீர்கள், உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றது என்று கணக்கு. எட்டாவது மாதத்தில் இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டுக் கருத்தரித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதனம் வைத்துக்கொண்ட உங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதனாலேயே ரத்தம் வராமல் இருக்கும்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் டெய்லர், வயது 44

அக்கா, நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். எனக்கு 39 வயதில் எடுத்துவிட்டார்கள். வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும் என்றுதான் போனேன். எடுக்காவிட்டால் புற்றுநோயாக மாறும் என்றார்கள். பயந்து, நகையை அடகு வைத்துச் செய்துகொண்டேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருக்கிறார்கள் என்பது டிஸ்சார்ஜ் தாளை என் மகள் படித்துச் சொன்ன பிறகுதான் தெரியும்.

உங்களுக்கெல்லாம் வருடக்கணக்கில் மெல்ல வந்தது எனக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் வியர்வை துணியில் சொட்டும். பீஸ் கறையாகிவிட்டது என்று கூலியில் பிடித்தார்கள். வாய்க்குள் எரிச்சல், மூட்டு வலி, தாம்பத்தியத்தில் வறட்சி. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதாக மகள் படித்துக் காட்டினாள். எனக்கு எடுத்து அப்போது மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

போன மாதம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. சின்னதாகத்தான் விழுந்தேன். அதனால் கேட்கிறேன், இனிமேல் செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?

லண்டன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், வயது 51

திருப்பூர்த் தங்கைக்கு இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயதில் தொடங்கியது. காரணமில்லாத பயமும் மறதியும்தான் முதலில் வந்தன. வேலை செய்யும் இடத்தில் பத்து வருடமாகத் தெரிந்தவரின் பெயர் வாயில் வரவில்லை. ஊரை விட்டு வந்த பழைய காயம்தான் கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டு யாரோடும் கதைக்காமல் இருந்தேன். இங்கே 2015-இல் வந்த மருத்துவ வழிகாட்டுதலின்படி, 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறிகளைக் கேட்டே முடிவு செய்வார்கள், ஹார்மோன் அளவு பார்க்க ரத்தம் எடுக்கத் தேவையில்லை. வைத்தியர் ஹார்மோன் சிகிச்சை பற்றிச் சொன்னதும் நான் மறுத்தேன். மார்புப் புற்றுநோய் வரும் என்று 2002-இல் அமெரிக்க ஆய்வொன்று பெரிய செய்தியானது எனக்கு நினைவிருந்தது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்று அவர் விளக்கினார். 60 வயதுக்கு முன்பு, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், பெரும்பாலும் நன்மைதான் அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் குளிசையும் (மாத்திரை) வேண்டும். நான் வயிற்றில் ஒட்டும் பட்டையும் இரவில் குளிசையும் எடுக்கிறேன். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது.

தங்கச்சி, உங்களுக்கு இதை 39 வயதிலேயே பேசியிருக்க வேண்டும். சினைப்பைகளை இளம் வயதில் எடுத்தால், தடை ஒன்றும் இல்லாத பட்சத்தில், இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது வழக்கம். எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்கேன் முடிவில் டி-ஸ்கோர் என்று ஒரு எண் இருக்கும், அது மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் வந்தால் எலும்புத் தேய்வு, அதற்கு மருந்து உண்டு. அந்த டிஸ்சார்ஜ் தாளைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.

நாகர்கோவில், கணவர், வயது 55

பெண்கள் பேசும் இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இரண்டு வருடமாக என் மனைவி மொட்டைமாடியில் போய்ப் படுத்தார். தொட்டால் கையைத் தட்டிவிடுவார். என்னை வெறுத்துவிட்டார் என்றே நினைத்தேன், நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு நேற்று இரவு விசிறியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். “இப்போதுதான் ஏறுகிறது” என்றார். விசிறினேன். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. நாளை மறுநாள் டாக்டரிடம் சேர்ந்து போகிறோம்.

விருதுநகர் மாவட்டம், ஆசிரியை

திருப்பூர்த் தங்கைக்கு: அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியதை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு, எழுந்து வருவதற்குமுன் ஒவ்வொன்றையும் கேளுங்கள். எழுதித் தர வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர், நான் முடித்ததும், தனக்கு ஒரு மாதமாக லேசாகப் படுகிறது என்றார். அம்மாவுக்கு 72 வயது. மாதவிடாய் நின்று 27 வருடம். நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும், அன்றைக்கே கூட்டிப்போனேன். ஸ்கேனும் பயாப்ஸியும் முடிந்து முடிவு வருவதற்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நேற்று வந்தது. சாதாரணச் சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, “உன் சித்திக்கு ஒரு போன் போடு, அவளும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்” என்றார்.