புதுப்பிப்பு: யுஎம்எல் புரொஃபைலில் விசைப்படகு, நாட்டுப்படகு

போன வாரம் கேட்டிருந்தேன்: பாம்பன் மீன்பிடிப் படகுகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருளின் யுஎம்எல் (மென்பொருள் வடிவமைப்பை வரைந்து காட்டும் மொழி) மாடலில், விசைப்படகையும் நாட்டுப்படகையும் தனித்தனி ஸ்டீரியோடைப்பாக (யுஎம்எல் உறுப்புக்கு நாமே சேர்க்கும் வகை அடையாளம்) எப்படி வரையறுப்பது என்று. இப்படிப்பட்ட ஸ்டீரியோடைப்களின் தொகுப்புதான் புரொஃபைல். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

எம்ஓஎஃப்-பில் (யுஎம்எல்லையே வரையறுக்கும் அடிப்படை மொழி) புது மெட்டாமாடலே, அதாவது புது மாடல் மொழிக்கான இலக்கணமே, எழுது என்றார் ஒருவர். அரை நாள் முயன்று விட்டுவிட்டேன்; இறால் பிடிக்கக் கப்பல் கட்டுகிற கதை. கைகொடுத்தது இரண்டாவது யோசனைதான். 'படகு' என்ற அருவ (நேரடியாகப் பயன்படுத்தாத) ஸ்டீரியோடைப் 'கிளாஸ்' மெட்டாகிளாஸை (யுஎம்எல்லில் வகுப்பு என்றால் என்ன என்று வரையறுப்பது) நீட்டிக்கிறது, மற்ற இரண்டும் அதன் சிறப்பு வகைகள். மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 முதல் 61 நாள்) நாட்டுப்படகுக்குக் கிடையாது என்பதால், அந்தப் பண்பை விசைப்படகில் மட்டும் வைத்தேன்.

அப்படியும் கிளாஸ் மேல் ஸ்டீரியோடைப் தெரியவில்லை. காரணம் அற்பம்: புரொஃபைலை வரைந்தேனே தவிர, மாடலின் பேக்கேஜில் (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் உறை) அதை அப்ளை செய்யவில்லை. மேல் பேக்கேஜில் செய்ததும் உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்ந்தே வந்துவிட்டது.

எதிர்பாராதது இரண்டு. பன்மரபுரிமையை (ஒரு வகுப்புக்குப் பல மேல்வகுப்புகள் இருப்பது) புரொஃபைலால் நீக்கவே முடியாது. யுஎம்எல்லில் இருப்பதை அது எடுத்துவிடாது, கட்டுப்பாடுதான் சேர்க்கும். 'மேல்வகுப்பு ஒன்றைத் தாண்டக்கூடாது' என்று ஓசிஎல்லில் (யுஎம்எல் மாடலுக்குக் கட்டுப்பாடு எழுதும் மொழி) எழுதியதும் சரியாகிவிட்டது. அப்புறம், ஸ்டீரியோடைப்பில் ஒரு பண்பின் பெயரை மாற்றினேன், என் கருவியில் பழைய மாடலில் நிரப்பியிருந்த மதிப்பெல்லாம் போய்விட்டது. பெயர் மாற்றும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.