மகள் சொல்லிவிட்டாள், அடுத்து என்ன செய்வது?

கேள்வி:
மகளுக்கு 9 வயசு. ஒரு வாரமா ட்யூஷனுக்குப் போகமாட்டேன்னு அழுதா. நேத்து தலை பின்னிவிடும்போது கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே ட்யூஷன் மாமா தப்பாத் தொட்டதைச் சொன்னா. "வெளியே தெரிஞ்சா பிள்ளை வாழ்க்கையே போயிடும்"ங்கறாங்க மாமியார். குழந்தையை ஸ்டேஷன்ல உட்கார வைக்கணுமோன்னு பயமா இருக்கு.

பதில்:
அக்கா, "தப்பு உன்மேல இல்ல, அம்மா உன்னை நம்புறேன்"னு முதல்ல அவகிட்ட சொல்லுங்க. துருவித் துருவிக் கேக்காதீங்க. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்க, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. நானும் என் மகளுக்காகக் கூப்பிட்டேன், கை நடுங்கி ரெண்டு தடவை நம்பரைத் தப்பா அழுத்தினேன். ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டம் 24-ம் பிரிவுப்படி வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், போலீஸ் சீருடையில வரக்கூடாது. எங்க வீட்டுக்குப் பெண் எஸ்.ஐ. சுடிதார்ல வந்தாங்க, பாப்பா டீச்சர்னு நினைச்சா. குழந்தையோட பேரு, ஸ்கூல், படம் எதையும் பத்திரிகை, டிவி வெளியிட 23-ம் பிரிவு விடாது. மாமியாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

இன்னொரு பதில்:
சம்பவத்தன்னைக்குப் போட்டிருந்த உடுப்பைத் துவைக்காம பேப்பர் பையில வைங்க. பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்யணும், நீங்க கூடவே இருக்கலாம். வழக்கு முடியுறவரை துணைக்கு வர ஒரு ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழுகிட்ட கேளுங்க.

கேட்டவர்:
கூப்பிட்டுட்டேன். நாளைக்குக் காலையில வர்றாங்க. மக பணியாரம் வேணும்னு கேட்டா, ஊத்திட்டிருக்கேன்.