மாமனாரின் ஷாட்கன்னை டொங்காட்டிலிருந்து லெனேசியாவுக்கு கூரியரில் அனுப்பலாமா?

டொங்காட் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

மாமனார் தை மாசம் தவறிவிட்டார். டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் டொங்காட்டுக்கு மேற்கே கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கி வரப்போடு சாய்த்துவிட்டுப் போகும் என்று 12 போர் இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று வைத்திருந்தார். லைசென்ஸ் பிளாஸ்டிக் கார்டாக இருக்கிறது, தேதி இன்னும் முடியவில்லை. உயிலில் அந்தத் துப்பாக்கி சின்ன மகனுக்கு என்று எழுதியிருக்கிறார். அவர், அதாவது என் கொழுந்தனார், ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் குடியிருக்கிறார். உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர் என் வீட்டுக்காரர்தான். இறந்தவர் சொத்து விவகாரங்களைப் பார்க்கும் மாஸ்டர் ஆபீசிலிருந்து அதற்கான கடிதமும் வந்துவிட்டது.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். துப்பாக்கி மாமனாரின் சேஃபில் பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் அதன் சாவி பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தூக்கமே வருவதில்லை. சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்றிருக்கிறது.

கொழுந்தனார் "கூரியரில் போட்டுவிடுங்கள் அண்ணி, வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார். எங்கள் தெருவுக்கு வரும் கூரியர் எப்படி என்று எனக்கல்லவா தெரியும்! தீபாவளிக்குச் சென்னையிலிருந்து புடவை வந்தபோது நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறேன், போனில் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மெசேஜ் வருகிறது. கரண்ட் வெட்டு நேரத்தில் கேட் பெல் அடிக்காது, ஒரு ஹாரன் அடித்தால் ஓடி வந்திருப்பேன். இன்னொரு தடவை "கொடுக்கப்பட்டது, கையெழுத்து பெறப்பட்டது" என்று காட்டியது. கையெழுத்து எங்கள் வீட்டு ஆள் யாருடையதும் இல்லை. விசாரித்துக்கொண்டே போனால் பார்சல் தெருமுனை டயர் கடையில், பழைய டியூப்களுக்கு நடுவில் கிடக்கிறது. புடவை போனால் போகட்டும். துப்பாக்கி அப்படி யார் கையிலோ போனால்?

இதற்கு நடுவில் சொந்தக்காரர் ஒருவர், "குழலைக் கழற்றி ஒரு பெட்டி, கட்டையை ஒரு பெட்டி, மேலே 'தோட்டச் சாமான்' என்று எழுதிவிடு, இரண்டும் வெறும் இரும்புதானே" என்று யோசனை சொல்கிறார். வீட்டுக்காரரும் என்-3 ரோட்டின் டோல், பெட்ரோல் எல்லாம் கணக்குப் பார்த்து அரை மனதாகத் தலையாட்டுகிறார்.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். எலெக்ஷன் வந்தால் தாத்தா தன் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் ரசீதைக் காட்டித் தானே போய் எடுத்து வருவார். வேறு யாரையும் அனுப்பமாட்டார். இங்கே முறை என்ன? கொழுந்தனார் வேலைக்குப் போயிருக்கும்போது வந்தால் ஓரகத்தி கையெழுத்துப் போட்டு வாங்கலாமா?

லெனேசியா வாசி

அக்கா, ஏர் ரைஃபிளையும் இதையும் ஒன்றாக நினைத்துத்தான் உங்கள் கொழுந்தனார் அப்படிச் சொல்லியிருப்பார். நான் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் ஆன்லைனில் வாங்கினேன். இங்கே சட்டப்படி 5.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஏர்கன் துப்பாக்கிக் கணக்கில் வராது, லைசென்ஸ் வேண்டாம், அதனால் வீட்டுக்கே வரும். வந்த அழகைச் சொல்கிறேன். நான் வேலையில் இருந்தேன், டிரைவர் போன்கூடப் பண்ணாமல் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். ஸ்கூல் படிக்கிற பையன். நான் வருவதற்குள் பெட்டியைப் பிரித்துத் தெருவில் நின்று கூட்டாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஏர்கன்னையும் காரணமில்லாமல் ஒருவர் மேல் நீட்டினால் குற்றம்தான், குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா? அன்றைக்கு எனக்கு வந்த பதற்றம் இன்னும் போகவில்லை.

ஷாட்கன் விஷயம் வேறு. விவரம் தெரிந்தவர் வந்து சொல்லட்டும்.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்

அம்மா, முதலில் அந்தச் சாவியை முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எடுங்கள். எக்ஸிகியூட்டர் உங்கள் வீட்டுக்காரர், துப்பாக்கி இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. சாவியும் அவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கவேண்டும்.

நான் துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் நின்று தலை நரைத்தவன். 1969ஆம் வருடத் துப்பாக்கிச் சட்டம் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2000ஆம் வருடத்துச் சட்டம் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோதும் அதே கவுண்டரில்தான் இருந்தேன். அதனால் சொல்கிறேன், அந்த இரண்டு பெட்டி யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். தோள்கட்டை, பெல்ட், தொலைநோக்கி இவையெல்லாம் வெறும் சாமான், கூரியரில் வரும் போகும். குழல் அப்படியில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் குழல் தனியாக இருந்தாலும் அது துப்பாக்கி. கட்டையோடு சேர்ந்திருக்கும் இரும்புப் பகுதி, அதாவது ரிசீவரும் அப்படியே. இரண்டு பெட்டியாகப் பிரித்தால் இரண்டு பெட்டியிலும் துப்பாக்கி இருக்கிறது என்றுதான் போலீஸ் எழுதும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 15 வருடம் வரை சிறை உண்டு. டயர் கடைக்காரர் ஒன்றும் அறியாமல் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தால் அவர் கதி என்ன ஆகும்?

இங்கே துப்பாக்கி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது எப்படி என்றால், ஒரு டீலர், அதாவது துப்பாக்கி வியாபாரியின் ரிஜிஸ்டரிலிருந்து இன்னொரு டீலர் ரிஜிஸ்டருக்கு. டர்பனில் லைசென்ஸ் உள்ள ஒரு டீலரிடம் ஷாட்கன்னைக் கொடுக்கிறீர்கள். துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர், குழல் அளவு, சீரியல் நம்பர் எல்லாம் அவர் தன் புத்தகத்தில் ஏற்றுகிறார். லெனேசியாவுக்குப் பக்கத்தில் கொழுந்தனார் சொல்லும் டீலருக்கு அனுப்புகிறார். தூக்கிப் போகிறவர் புடவை கொண்டுவருகிற ஆள் இல்லை. துப்பாக்கி ஏற்றிச் செல்வதற்கென்றே பர்மிட் வைத்திருக்கும் கம்பெனி. வெளியே பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் போடமாட்டார்கள். அந்தப் பக்கத்து டீலர் வாங்கித் தன் புத்தகத்தில் ஏற்றுகிறார். இடையில் ஒரு நிமிடம்கூட "இது இப்போது யார் பொறுப்பு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கக்கூடாது. 2021 ஜூலைக் கலவரத்தில் நம் டர்பனில் கண்டெய்னரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டா போனது நினைவிருக்கிறதல்லவா? அத்தனையும் எந்தெந்தத் தெருவுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சட்டம் கெடுபிடி செய்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி வாங்குவது. ஓரகத்தி வாங்க முடியாது. கணவருடைய கார்டு, ஐ.டி., கையெழுத்துப் போட்ட கடிதம் எதைக் கொண்டுவந்தாலும் முடியாது. எங்கள் கடையில் ஒரு அம்மா பிறந்தநாளுக்குக் கணவரை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அவர் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரவைத்து டீ கொடுத்தேன், ரைஃபிளைக் கொடுக்கவில்லை. யார் பெயரில் லைசென்ஸோ அவர் நேரில், லைசென்ஸ் கார்டும் ஐ.டி.யும் கையில். போட்டோகாப்பி செல்லாது. "அப்ரூவ் ஆகிவிட்டது, மெசேஜ் வந்திருக்கிறது" என்று போனைக் காட்டினாலும் செல்லாது. முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் கார்டை வாங்கி வரவேண்டும்.

கவுண்டரில் என் வழக்கம் இது. கார்டு என் கையில், துப்பாக்கி மேஜைமேல் திறந்து, உள்ளே காலி என்று இரண்டு பேரும் பார்த்தபிறகு. கார்டில் இருக்கும் சீரியல் நம்பரை நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். வாங்குகிறவர் இரும்பில் வெட்டியிருப்பதை விரலால் தடவிக்கொண்டே திருப்பிச் சொல்லவேண்டும். பழைய துப்பாக்கிகளில் 3 எது, 8 எது என்று தெரியாமல் தேய்ந்திருக்கும், அங்கேதான் தவறு நடக்கும். ஒரு எழுத்து மாறினாலும் துப்பாக்கி திரும்ப சேஃபுக்குள். கோபித்துக்கொள்வார்கள், கத்துவார்கள். தவறான நம்பரோடு ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் மாட்டுகிறவர் அவர்தானே. மாமனார் துப்பாக்கி நம்பரையும் கார்டோடு இப்போதே ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் விண்ணப்பம் போடும் முன்பே திருத்திக்கொள்வது நல்லது.

உயிலில் எழுதியிருப்பதால் மட்டும் கொழுந்தனார் அதைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அவர் பெயரில் புது லைசென்ஸ் வேண்டும். 21 வயது ஆகியிருக்கவேண்டும். ஷாட்கன்னுக்கென்று பயிற்சி முடித்து கம்பிடன்ஸி என்கிற தகுதிச் சான்றிதழ் வாங்கவேண்டும். கைத்துப்பாக்கிக்கு வாங்கியது இதற்கு உதவாது. பிறகு அவர் வீட்டுக்கு அருகே உள்ள ஸ்டேஷனில், டி.எஃப்.ஓ. என்கிற துப்பாக்கி அதிகாரியிடம் எஸ்.ஏ.பி.எஸ். 271 என்கிற போலீஸ் விண்ணப்ப ஃபாரம் கொடுக்கவேண்டும். உயில், மாஸ்டர் கடிதம் இவற்றின் நகலையும் வைக்கவேண்டும். அவர் வீட்டில் முறைப்படியான சேஃப் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியிருக்கவேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார். கோப்பு பிரிட்டோரியாவில் உள்ள தலைமை ஆபீசுக்குப் போய் வர மாசக்கணக்கில் ஆகும். அதுவரை டீலரிடமே இருக்கட்டும். மாச வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நிம்மதிக்கு அது பெரிய பணம் இல்லை.

காரில் போட்டு மூய் ரிவர் டோல் தாண்டி லெனேசியா வரை போகிற எண்ணமும் வேண்டாம். உங்கள் ஊர் ஸ்டேஷன் டி.எஃப்.ஓ.விடம் முதலில் பேசுங்கள். டர்பன் டீலர் வரை எப்படிக் கொண்டுபோவது என்று அவர் சொல்வார். இறப்புச் சான்றிதழ், மாஸ்டர் கடிதம், மாமனாரின் கார்டு, வீட்டுக்காரர் ஐ.டி. எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டொங்காட் மருமகள்

ஐயா, ரொம்ப நன்றி. வீட்டுக்காரரை உட்காரவைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். சாவி இப்போது அவர் இடுப்பில்.

இரண்டு சந்தேகம். மாமனார் அலமாரியைக் காலி பண்ணும்போது பிஸ்கட் டப்பாவில் சிவப்பு நிறத் தோட்டாக்கள் கிடைத்தன. சிலவற்றின் பித்தளை பச்சை பூத்துக் கிடக்கிறது. குப்பையில் போட்டுவிடலாமா? கொழுந்தனாருக்கு லைசென்ஸ் கிடைக்காவிட்டால் துப்பாக்கி என்ன ஆகும்? அவர் பயிற்சிக்கே லீவு கிடைக்காது என்று முனகுகிறார்.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்

குப்பையில் போடவே கூடாது அம்மா. குப்பை மேட்டில் பொறுக்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்டாவையும் அதற்குரிய துப்பாக்கி லைசென்ஸ் இல்லாதவர் வைத்திருக்கக்கூடாது, அதனால் துப்பாக்கியோடு அதையும் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பச்சை பூத்ததைத் தேய்க்கவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம், டப்பாவோடு சேஃபில் வைத்து டி.எஃப்.ஓ.விடம் சொல்லுங்கள்.

லைசென்ஸ் கிடைக்காவிட்டாலோ, கொழுந்தனாருக்கு வேண்டாம் என்றாலோ, டீலர் மூலமாக லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கலாம். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் முறைப்படி செயலிழக்கச் செய்து சான்றிதழ் வாங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் அழிப்பதற்குப் போலீஸில் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தால் சீரியல் நம்பர் எழுதிய ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். உங்கள் தாத்தா செய்த மாதிரியே. அழிக்கவேண்டிய துப்பாக்கிகளைக் கேப் டவுன் கும்பல்களுக்கு விற்ற முன்னாள் போலீஸ் கர்னல் ஒருவருக்கு 2016இல் 18 வருடம் சிறை கொடுத்தார்கள். அந்தத் துப்பாக்கிகளால் செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு.

எந்தக் கட்டத்திலாவது துப்பாக்கி காணவில்லை என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் புகார் கொடுக்கவேண்டும். டீலரிடம் கொடுத்த அன்றே ரிஜிஸ்டர் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லெனேசியா வாசி

அக்கா, பயிற்சியைச் சனிக்கிழமைகளில் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், லீவு போடவேண்டியதில்லை. கொழுந்தனாரை இங்கே எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், நான் படித்த இடத்தைக் காட்டுகிறேன். விண்ணப்பம் கொடுத்ததும் வரும் ரெஃபரன்ஸ் நம்பரைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டால் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று போலீஸ் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

டொங்காட் மருமகள்

டி.எஃப்.ஓ.விடம் பேசிவிட்டோம். திங்கள்கிழமை வந்து பார்க்கிறேன், தோட்டா டப்பாவை யாரும் தொடவேண்டாம் என்றார். டர்பன் டீலரும் இடம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கொழுந்தனார் இன்று ராத்திரி லெனேசியா தம்பிக்குச் செய்தி அனுப்புவார்.