புதுப்பிப்பு: கிரைண்டர் உதைக்கிற பிரச்சனை தீர்ந்தது

திருமங்கலம் வீட்டு கேட்டுக்கு சதுர பைப் வெட்டும்போது இரும்பு வெட்டுற 4 இஞ்ச் கை கிரைண்டர் பாதியில் சிக்கி, துள்ளி உதைக்குதுன்னு இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலை முடிஞ்சு கேட்டும் ஏத்தியாச்சு.

பலித்தது கோயம்புத்தூர் அண்ணன் சொன்னதுதான்: “ரெண்டு முனைக்கும் செங்கல் கொடுத்து நடுவுல வெட்டாதீங்க.” அப்படி வெட்டினா பாதியிலேயே பைப் தொய்யும், வெட்டுவாய் மூடி, சுத்துற வீலை (வெட்டுற வட்டத்தகடு) கவ்விப் பிடிக்கும். இப்போ வெட்டுற இடத்தை ஒட்டி சி கிளாம்ப் (C வடிவ இரும்புப் பிடி) போட்டு இறுக்கிட்டேன். வெட்டி எடுக்குற துண்டு வெளியே தொங்கும். வெட்ட வெட்ட வாய் விரியுது, உதையே இல்லை.

வீல் தேதியைப் பார்க்கச் சொன்னவருக்கும் ஒரு கும்பிடு. நடுவுல இருக்குற தகர வளையத்துல மாசம், வருஷம் அடிச்சிருக்கு. கடையில வாங்கின வீல் காலாவதி. புது வீல்ல அது தாங்குற வேகம் 15,200 ஆர்பிஎம்னு (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) இருக்கு, மிஷின் ஓடுறது 11,000. வீலோட எண் எப்பவும் மிஷினோடதை விடக் கூட இருக்கணும்.

வீலை மூடியிருக்குற கார்டை (பாதுகாப்புத் தகடு) கழட்டினா வசதின்னு சொன்ன தம்பி, அது வேண்டாம்ப்பா. வீல் உடைஞ்சா தெறிக்கிறது நம்ம முகத்துக்குத்தான். கட்டிங் வீலை படுக்க வச்சு பிசிறு தேய்க்கிறதும் கூடாது, அதுக்கு தடிமனான கிரைண்டிங் வீல் இருக்கு. கைலி, தோள்துண்டும் ஆகாது, வீல்ல சிக்கிக்கும்.

எதிர்பாராதது ஒண்ணு: மறுநாள் மழைக்கு போர்ட்டிகோ டைல்ஸ் முழுக்க துருப்புள்ளி! பொறியில பறந்த இரும்புத் துகள். வெட்டுறதுக்கு முன்னாடி ஈரச்சாக்கு விரிச்சிருங்க.