சிற்றிதழுக்கு அனுபவக் கட்டுரை அனுப்பும்போது எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

காரமடைக்காரன்:
வணக்கம். கோவைப் பக்கம் மூடப்பட்ட ஒரு நூற்பாலையைப் பற்றி 4,200 சொற்களில் எழுதியிருக்கிறேன். கதையல்ல, ஆட்கள், இடம், சம்பவம் எல்லாம் உண்மை. அச்சில் வரும் சிற்றிதழுக்கு அனுப்ப எண்ணம். நீளம் சரியா? உண்மைப் பெயர்களை வைக்கலாமா? முதல் இரண்டு பத்தியை முகநூலில் போட்டுவிட்டேன், அது இடைஞ்சலா? கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது.

மெய்ப்புமேசை:
பாமினி என்றால் முதல் வேலை அதுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை ஆங்கில எழுத்தாகவும், புள்ளிகள் எல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். இடையில் ஆங்கில எழுத்தில் அடித்த சொற்கள் அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும், தடித்த எழுத்து, சாய்வெழுத்து காணாமல் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இன்னும் மோசம். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’, ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் ‘௭’, ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் சிக்காது. வடிவமைப்பாளர் எழுத்துரு மாற்றும்போதுதான் பல் இளிக்கும்.

வேர்டு கோப்பாகவே அனுப்புங்கள். பி.டி.எஃப். வேண்டாம், அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பெல்லாம் இடம் மாறிவிடும். கோப்புக்குத் தலைப்பையும் உங்கள் பெயரையும் வையுங்கள். ‘இறுதி 3’ என்று வந்தால் யாருடையது என்று தேட ஆசிரியருக்கு நேரமிருக்காது.

பாரம்பதினாறு:
நீளத்தைப் பற்றி. ஏ4 பக்கத்தை நெடுக்கில் இரண்டு பத்தியாக (காலம்) பிரித்து அச்சிடும் இதழில், படமில்லாமல் ஒரு பக்கத்துக்குச் சுமார் 500–600 சொல் அடங்கும். உங்களுடையது ஏழெட்டுப் பக்கம். 80 பக்க இதழ் என்றால் 16 பக்க பாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) ஐந்து. ஒருவருக்காக இரண்டு பக்கம் கூட்ட முடியாது, கூட்டினால் இன்னொரு பாரத்துக்குக் காகிதச் செலவு. புதியவர் ஒருவருக்கு இதழில் பத்தில் ஒரு பங்கைத் தரப் பெரும்பாலும் தயங்குவார்கள். 2,500க்குக் கொண்டுவாருங்கள்.

எங்கே வெட்டுவது? அநேகமாகத் தொடக்கத்தில். ‘ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைக்கப்பட்ட கோவையில்...’ என்று ஆரம்பித்திருந்தால் அந்தப் பத்தி மொத்தமும் போகட்டும். அது பொதுக்கட்டுரையின் வாசல். ‘மூணாம் ஷிப்டு சங்கு அன்றைக்கு ஊதவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் வழக்கம்போல நாற்பது கிளாஸைக் கழுவி வைத்திருந்தார்’ என்று தொடங்கினால் ஆலை மூடிய செய்தி தானாக உள்ளே வந்துவிடும். அதற்காக நாற்பது என்று அடித்துவிடாதீர்கள், எத்தனை என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள். கேட்க வழியில்லை என்றால் எண்ணே வேண்டாம். ரிங் பிரேமை ‘நூற்பு இயந்திரம்’ என்று மாற்றவும் வேண்டாம்; ஆலைக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கடைசிப் பத்தியில் ‘காலம் எல்லாவற்றையும்...’ என்று ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள்.

வழக்குமன்றம்:
பெயர் விஷயத்தில் கவனம் தேவை. ‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்பது மட்டும் போதாது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவில் (பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500) உண்மை என்பதோடு, அதை வெளியிடுவது பொது நன்மைக்கானது என்பதையும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் குற்றமாகலாம். பெயரை மாற்றி, ‘அந்த ஊரில் ஒற்றைக் கால் மேஸ்திரி’ என்று எழுதினால் பெயர் மாற்றிப் பயனில்லை. அடையாளமும் மாற வேண்டும். மாற்றியதை ஆசிரியருக்கு மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். இருவரை ஒருவராக்கியிருந்தால் வாசகருக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது சிறுகதை.

‘கட்டுரையாளர் கருத்துக்கு இதழ் பொறுப்பல்ல’ என்ற வரி உங்களைக் காப்பாற்றாது.

மெய்ப்புமேசை:
முகநூலில் போட்டதைப் பல இதழ்கள் வெளிவந்ததாகவே கணக்கில் எடுக்கும். இரண்டு பத்திதான் என்பதால் நீக்கிவிட்டு, கட்டுரையோடு அனுப்பும் மடலில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மறைத்து, பிறகு தெரியவந்தால் அடுத்த கட்டுரைக்கும் கதவு சாத்தும்.

மடல் ஆறேழு வரி போதும்: தலைப்பு, அனுபவக் கட்டுரை என்ற குறிப்பு, சொல் எண்ணிக்கை, வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி, உங்களைப் பற்றி இரண்டு வரி, தொலைபேசி, இதழ் வந்துசேர அஞ்சல் முகவரி. கட்டுரையின் சுருக்கத்தை எழுத வேண்டாம்.

காரமடைக்காரன்:
நன்றி தோழர்களே. உரிமை யாருக்கு? பிறகு தொகுப்பாகப் போட முடியுமா?

வழக்குமன்றம்:
முடியும். பதிப்புரிமைச் சட்டம் 1957, 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பியதாலேயே உரிமை கைமாறாது. படிவம் எதிலாவது கையெழுத்துக் கேட்டால் காலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பாரம்பதினாறு:
இரண்டு இதழ் வந்த பிறகும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். மாதக் கடைசியில் வேண்டாம், அப்போது இதழ் அச்சகத்தில் இருக்கும். பிறகும் பதிலில்லை என்றால் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிவிட்டு வேறொரு இதழுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதால்தான் ஒரே கட்டுரை இரண்டு இதழில் வந்து சங்கடமாகிறது.