ஜெராக்ஸ் கடைக்கு எந்தத் தாள்? எல்லாவற்றுக்கும் 75 ஜிஎஸ்எம் போதுமா?

கேள்வி: தஞ்சை நகலகம்

தஞ்சாவூரில் கல்லூரி ஒன்றின் அருகே சிறிய ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாக எல்லா வேலைகளுக்கும் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) ஏ4 தாளையே பயன்படுத்தி வந்தேன்; குறை எதுவும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, இருபுறமும் நகல் எடுக்கும்போது இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பும் தாள் வில்லாக வளைந்து உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. தாள் வியாபாரியோ, 100 ஜிஎஸ்எம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இதற்கிடையே பள்ளி ஆண்டு மலர் ஒன்றும் கைக்கு வந்திருக்கிறது: 40 பக்கம், ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடிக்க வேண்டும், மேலே வண்ண அட்டை. மாதிரிக்காக 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் (வழுவழுப்பான பூச்சுள்ள தடித்த அட்டை) ஒன்று எடுத்து மடித்தேன். மடிப்பில் டோனர் பிளந்து வெள்ளைக் கோடு தெரிந்தது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: இயந்திரப் பழுதுநர்

ஐயா, உங்கள் தாள் மெலிந்திருப்பதால் சிக்கவில்லை. ஈரம் குடித்திருப்பதால் சிக்குகிறது. டோனர் என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பொடி. அதை உருக்கித் தாளில் பதிப்பதற்காக பியூசர் உருளை ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. மழைக்காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் தாள், அந்தச் சூட்டில் இருபுறமும் ஒரே சீராக உலராமல் சுருண்டுகொள்வதால், திரும்பி வரும் வழியில் எங்காவது முட்டி நின்றுவிடுகிறது. 100 ஜிஎஸ்எம் தாளும் ஈரம் குடிக்கத்தான் செய்யும், காசுதான் கூடுதலாகப் போகும்.

ரீமின், அதாவது 500 தாள் கட்டின், உறை ஈரம் புகாதபடி செய்யப்பட்டது. தேவைப்படும்போது மட்டும் அதைப் பிரியுங்கள். மீந்த தாளை உறையோடு சேர்த்து பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள். இரவில் டிரேயில் தாளை விட்டுவிட்டுக் கடையைப் பூட்டாதீர்கள். கட்டுகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல் பலகையின் மேல் வையுங்கள். உறையின் ஓரத்தில் அம்புக்குறி இருந்தால், முதலில் அச்சிட வேண்டிய பக்கத்தை அது காட்டுகிறது. மழைக்காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு இயந்திரத்தைத் திறக்கவே வேண்டியிருப்பதில்லை.

பதில்: சிவகாசி அச்சகத்தார்

அட்டை பிளப்பதற்குக் காரணம் வேறு. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் பெரும்பாலும் படிகின்றன. அந்த நார் ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மேலே உள்ள டோனரும் பிளக்கும். கடையில் வெட்டி விற்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலானவற்றில் நார் நீளவாட்டில் ஓடுகிறது. மலருக்காக நடுவில் மடிக்கும்போது நீங்கள் அதைக் குறுக்கேதான் மடிக்கிறீர்கள்.

சோதிப்பது எளிது. அந்த ஆர்ட் கார்டில் நீளவாட்டில் ஒரு பட்டையும் அகலவாட்டில் ஒரு பட்டையும் ஒரே அளவில் வெட்டி, இரண்டையும் ஒரு முனையில் பிடித்து நீட்டிப் பாருங்கள். விறைப்பாக நிற்பதில் நார் பட்டையின் நீளவாட்டில் ஓடுகிறது, தொங்குவதில் குறுக்கே ஓடுகிறது. அட்டைக்கான தாளைப் பெரிய அளவில் வாங்கி, நார் 210 மில்லிமீட்டர் பக்கத்தோடு ஓடும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள்; மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடிக்கும் கோட்டில் அழுத்திப் பள்ளம் பதிப்பது) போட்டுவிடுங்கள். 250 ஜிஎஸ்எம் அட்டையைக் கிரீசிங் இல்லாமல் மடிப்பது எங்கள் தொழிலில் பாவம். உங்கள் இயந்திரம் எவ்வளவு தடிமன் வரை ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்து, பைபாஸ் டிரேயில் (கையால் தாள் வைக்கும் பக்கவாட்டுத் தட்டு) வைத்து, தடித்த தாளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் டோனர் நன்றாகப் பிடிக்க வேண்டிய சூடு கிடைக்கும்.

பதில்: பழைய நகலகக்காரர்

முன்னவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 75 எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். குறிப்பேடு, விண்ணப்பம், வினாத்தாள் ஆகியவற்றுக்குப் போதும். மலரில் இருபுறமும் புகைப்படங்கள் வருமானால் மறுபக்கத்துப் படம் நிழலாகத் தெரியும். உள்பக்கங்களுக்கு 90 அல்லது 100 நல்லது. ஆய்வேட்டுக்கு பாண்டு தாள் (உறுதியான உயர்தரத் தாள்) வேண்டுமா என்பதை மாணவரைக் கேட்டபின் அச்சிடுங்கள். யாராவது இங்க்ஜெட்டுக்கான பளபளப்புப் புகைப்படத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் லேசர் இயந்திரத்தில் விடவே விடாதீர்கள். அதன் பூச்சு சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். நான் ஒருமுறை உருளையையே மாற்ற நேர்ந்தது.

இன்னொன்று: வாங்கும் ரீமை எடை போடுங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடைதான் ஜிஎஸ்எம். ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 500 தாள் கொண்ட 75 ஜிஎஸ்எம் ரீம் சுமார் 2.34 கிலோவும், 70 ஜிஎஸ்எம் ரீம் சுமார் 2.18 கிலோவும் இருக்கும்.

தஞ்சை நகலகம்

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: உறையோடு சேர்த்தே 2 கிலோ 210 கிராம்தான். உறையில் அச்சாகியிருப்பதோ 75. இன்று காலை வேறு கடையிலிருந்து புதிய ரீம் பிரித்து, ஐம்பது தாள் இருபுறமும் ஓட்டினேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. அட்டைப் பட்டைகளையும் வெட்டிப் பார்த்தேன், அகலவாட்டில் வெட்டியதுதான் தொங்கியது.